கேட்காத கேள்விக்கு டைப் செய்த பதில்

முதல் நாள்

பனியன் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் டைப் செய்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். அதன்பின் திருப்பூரில் நாற்பது படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமில் சேர்ந்தேன். மருத்துவத்தின் மேல் ஆர்வம் எதுவும் இல்லை. டைப்பிங் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள், எனக்கு வேலை வேண்டியிருந்தது.

முதல் நாள் காலையில் அறையில் இருந்தவற்றை எண்ணினேன். இரும்பு அலமாரி ஒன்பது. அதில் பூட்டு வேலை செய்பவை இரண்டு. ஃபேன் ஒன்று, ஜன்னல் ஒன்று, அதுவும் ஜெனரேட்டர் பக்கம். கடைசி அலமாரியின் அடித்தட்டில் கனத்த அட்டை போட்ட முப்பத்தொரு நோட்டுகள். அவை மருத்துவமனை சிறிய கிளினிக்காக இருந்த காலத்தில் அதைத் தொடங்கிய பெரிய டாக்டர் தன் கையால் எழுதியவை.

எனக்கு அந்த நோட்டுகள் பிடிக்கவில்லை. தலைப்பு இல்லை, கட்டம் இல்லை, வரிசை எண் இல்லை. ஒருவர் வந்த கதையை அப்படியே எழுதி வைத்திருந்தார். ஒரு பதிவு இப்படி இருந்தது: “குன்னத்தூர் மளிகைக்கடைக்காரர். மூன்று நாளாக வயிறு எரிகிறது என்கிறார். காப்பி எத்தனை என்று கேட்டதற்கு இரண்டு என்றார், மனைவி சிரித்தார். ஆறு என்று வைத்துக்கொள்கிறேன். முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா —?”

அந்தக் கோடும் கேள்விக்குறியும்தான் என்னை உறுத்தின. ஒரே நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் இருந்தன. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேட்டேன்.

“டாக்டருங்க, நோட்டு பூராவும் கோடு கோடாக் கெடக்குதுங்க. ஏதாச்சும் போட்டு நிரப்பீட்டா நல்லா இருக்குமுங்க.”

“எதை வெச்சுங்க நிரப்புவீங்க?”

நான் மளிகைக்கடைக்காரர் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

“அந்த ஆளை நான் கேக்கலீங்க. வெளியில கூட்டம், மறந்துட்டேன். கேக்காததுக்கு எப்படிப் பதில் எழுதறது? அடுத்த தடவை வந்தாக் கேட்டுக்கலாம்.”

“வராமயே போயிட்டாருன்னாங்க?”

“கோடு அது பாட்டுக்குக் கெடக்கட்டும். உங்ககிட்ட சோறா கேக்குது?”

பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் சிரித்தார். நான் அலமாரியை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

யார் எதை வாசிக்கிறார்கள்

சில வருடங்களில் கட்டடம் மூன்று மாடி ஆனது. நோட்டு போய் அச்சடித்த கேஸ் ஷீட் வந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேஸ் ஷீட் என்பது ஒரே கட்டுரை அல்ல. பல பேர் பல பேருக்காக எழுதும் தாள்களின் கட்டு.

முதல் தாளில் நோயாளியின் தொந்தரவை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். ‘நெஞ்சு எரிச்சல்’ என்று அவர் சொன்னால் அப்படியே. ‘இதய நோய்’ என்று நாம் மாற்றக்கூடாது. அதற்கடுத்து, பழைய கதை: முன்பு வந்த நோய், செய்த ஆபரேஷன், ஒத்துக்கொள்ளாத மருந்து. பிறகு டாக்டர் பார்த்துக் கண்டது, தினசரிக் குறிப்பு, காய்ச்சல் சார்ட். நர்ஸ் எழுதும் குறிப்பு தனி. அதை அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் வாசிப்பார், பெரும்பாலும் வேறு யாரும் வாசிப்பதில்லை. கடைசியில் டிஸ்சார்ஜ் சம்மரி. கட்டு முழுவதும் நம்மிடமே இருந்துவிடும். சம்மரி மட்டும் நோயாளியோடு வெளியே போகும். முன்பின் தெரியாத ஒரு டாக்டர் அந்த இரண்டு பக்கத்தை நம்பித்தான் வேலை செய்வார்.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் நான் தாள்களை எண்ணினேனே தவிர வாசிக்கவில்லை. ஒவ்வொரு கட்டுக்கும் மொத்தம் எத்தனை தாள் என்று டிஸ்சார்ஜ் அன்று வார்டில் அட்டையின் மேல் எழுதுவார்கள். நான் அதைச் சரிபார்த்து அலமாரியில் வைப்பேன். குறைந்தால் வார்டுக்குப் போய்ச் சண்டை போடுவேன், கூடினால் பொருட்படுத்த மாட்டேன். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் ஜெபமணி, திருநெல்வேலிப் பக்கம்.

“சார், ராத்திரி பகலா நாங்க எழுதுதோம். நீங்க எண்ண மட்டுந்தான் செய்யுதீங்க. ஒரு நாளாவது வாசிச்சிருக்கீங்களா?”

“வாசிக்கறதுக்கு டாக்டருங்க இருக்காங்க சிஸ்டர். எண்ண நான் ஒருத்தன்தான்.”

“அது சரி. உங்க சர்வீஸ்ல எத்தனை தாள் எண்ணினீங்கன்னு கல்வெட்டு வைக்கச் சொல்லுதேன்.”

முதல் தாளில் தொலைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. எங்கள் ஊரில் அந்தக் கட்டத்தில் நோயாளியின் எண் இருக்காது. பனியன் கம்பெனியின் தையல் லைனில் ஒருவருக்கு முடியாமல் போனால் சூப்பர்வைசர்தான் கம்பெனி வேனில் கூட்டிவருவார், அவரே கவுண்டரில் நின்று தன் எண்ணைக் கொடுப்பார். விலாசம் கேட்டால் கம்பெனி விலாசம். பல வருடம் இதைப் பார்த்திருக்கிறேன். கட்டம் நிரம்பியிருந்ததால் எனக்கு அது குறையாகவே படவில்லை.

டெம்ப்ளேட்

பெரிய டாக்டர் காலமானபின் அவருடைய மகள் பொறுப்புக்கு வந்தார். அவரை டாக்டரம்மா என்போம். கம்ப்யூட்டர் வந்தது. ஒரு நோயாளியின் சம்மரியை டைப் செய்ய முக்கால் மணி நேரம் ஆகிறது, வெளியே உறவினர்கள் கத்துகிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னபோது, நான் ஒரு டெம்ப்ளேட் தயார் செய்தேன். எல்லாத் தலைப்பும் முதலிலேயே இருக்கும். டியூட்டி டாக்டர் கையால் எழுதிக் கொடுக்கும் டிராஃப்டைப் பார்த்து மாறுவதை மட்டும் மாற்றினால் போதும். முக்கால் மணி நேரம் பன்னிரண்டு நிமிடமாகக் குறைந்தது.

“பழனிச்சாமிண்ணா, இத மொதல்லயே செஞ்சிருக்கலாமுங்க” என்றார் டாக்டரம்மா. எனக்குப் பெருமையாக இருந்தது.

பனியன் கம்பெனியில் பேக்கிங் லிஸ்ட் டைப் செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஏஜெண்ட் மொத்த டாக்குமெண்டையும் திருப்பி அனுப்பிவிடுவார், கண்டெய்னர் நின்றுவிடும். ஒன்றும் இல்லாத கட்டத்தில் ‘இல்லை’ என்று ஆங்கிலத்தில் அடித்துவிடுவோம். பதினோரு வருடம் அப்படித்தான் அடித்தேன். அதே கையால்தான் டெம்ப்ளேட்டையும் அடித்தேன். ‘மருந்து ஒவ்வாமை’ என்ற தலைப்புக்கு எதிரே ‘இல்லை’. டிராஃப்டில் டாக்டர் ஏதாவது எழுதியிருந்தால் மாற்றுவேன். எழுதாமல் விட்டிருந்தால் ‘இல்லை’ அப்படியே நிற்கும்.

யாரும் கவனிக்கவில்லை. பத்து மாதம் அது ஓடியது. சம்மரிகள் பார்க்க மிகச் சுத்தமாக இருந்தன.

ஒரு தாள் குறைவு

மல்லிகா என்று ஒருவர், பனியன் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர், முப்பத்தெட்டு வயது. பித்தப்பையில் கல், வீக்கம். ஆறு நாள் வார்டில் இருந்து, வலி குறைந்ததும் வீட்டுக்குப் போனார். ஒன்றரை மாதம் கழித்து ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று சம்மரியில் எழுதியிருந்தது. அவருடைய கேஸ் ஷீட் கட்டுக்கு இருபத்துநான்கு தாள் என்று அட்டையில் இருந்தது, எண்ணினால் இருபத்துமூன்று. மூன்று முறை எண்ணினேன். ஒன்று குறைவு என்று சீட்டு ஒட்டித் தனியாக வைத்தேன்.

அவர் வீட்டுக்குப் போய்ச் சரியாக நாற்பத்துநாலாவது நாள், காலை ஒன்பதே முக்கால் மணி. இன்சூரன்ஸ்காரர்கள் கேட்ட வேறு ஒரு கட்டை எடுத்தபோது அதில் ஒரு தாள் அதிகம் இருந்தது. மல்லிகாவின் பக்கத்துப் படுக்கையில் இருந்தவருடைய கட்டு அது. அந்தத் தாள், மல்லிகா சேர்ந்த அன்று சிஸ்டர் ஜெபமணி எழுதியது. கணக்கு நேரானதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் தாளை வாசித்தேன்.

நடுவில் சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு இருந்தது: “பிரசவத்தின்போது போட்ட ஊசியில் முகம் வீங்கி மூச்சு அடைத்ததாகச் சொல்கிறார். பென்சிலின் வகை ஊசி வேண்டாம். டியூட்டி டாக்டரிடம் சொல்லப்பட்டது.” எங்கள் வார்டில் இருந்தவரை அதன்படி வேறு மருந்துதான் போட்டிருந்தார்கள். டிராஃப்டில் டாக்டர் அதை எழுதாமல் விட்டிருந்தார். சம்மரியின் ஆபீஸ் காப்பியை எடுத்துப் பார்த்தேன். மருந்து ஒவ்வாமை: இல்லை.

அந்தத் தாள் முதல் நாளே சரியான கட்டுக்குள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்தேன். ஒன்றும் ஆகியிருக்காது. எண்ணிக்கை சரி என்று அலமாரியில் வைத்திருப்பேன்.

போன்

முதல் தாளில் இருந்த எண்ணுக்குப் போட்டேன். தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல்.

“மல்லிகாங்களா? அந்தக்கா லீவுங்க. இன்னைக்கு ஆப்ரேசன்னு சொல்லீட்டு ஊருக்குப் போயிருச்சுங்க.”

“எந்த ஆஸ்பத்திரிங்க?”

“மடத்துக்குளத்துல அவிய அம்மா ஊடு. உடுமலையில ஏதோ ஆஸ்பத்திரீன்னாங்க. பேரு தெரியலீங்க.”

“அந்தம்மாவோட சொந்த நம்பர் வேணுமுங்க. உடனே.”

“நம்மகிட்ட இல்லீங்க. பக்கத்து மெசின் பொண்ணுகிட்ட இருக்கும். டீ டைமுக்குக் கேட்டுச் சொல்றனுங்க.”

“டீ டைம் எப்பங்க?”

“பதினொன்னுக்குங்க. இப்ப எந்திரிக்கச் சொன்னா லைன் நின்னு போயிருமுங்க. ஷிப்மெண்ட் கெடக்குதுங்க.”

ஷிப்மெண்ட் என்ற சொல்லின் கனம் எனக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்காக நானே எத்தனையோ பேரைக் காக்க வைத்திருக்கிறேன். “தம்பி, அந்தம்மாவுக்கு ஒத்துக்காத ஊசியை இன்னைக்குப் போட்டுருவாங்க. போட்டா மூச்சு நின்னு போகும். லைன நிறுத்துங்க” என்றேன். அந்தப் பக்கம் ஒரு விசில் கேட்டது. இரைச்சல் குறைந்தது. ஒரு பெண் எண்ணைச் சொன்னாள். நான் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன்.

மல்லிகாவின் போனை எடுத்தது அவருடைய அம்மா.

“பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க சாமி. இப்பத்தான். சிகப்பு லைட்டு எரியுது.”

“அம்மா, கதவத் தட்டி நர்சம்மாவக் கூப்பிடுங்க.”

“அய்யோ, தட்டக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்குதாமுங்க. வைவாங்க சாமி.”

“வையட்டுமுங்க. தட்டுங்க.”

“நீங்க யாருங்க?”

“திருப்பூர் ஆஸ்பத்திரிங்க. உங்க பொண்ணு பேப்பர்ல ஒரு தப்பு இருக்குதுங்க. தட்டுங்கம்மா, கையில முடியாட்டிக் காலுல ஒதைங்க.”

தட்டும் சத்தம் போனில் கேட்டது. ஏழு தட்டு. பிறகு கதவு திறந்தது. வைகிற சத்தமும் கேட்டது. கடைசியில் ஒரு நர்ஸ் போனை வாங்கினார்.

“என்னங்க, தியேட்டர் வாசல்ல வந்து…”

“சிஸ்டர், மல்லிகாவுக்குப் பென்சிலின் வகை ஊசி ஒத்துக்காதுங்க. போட்டுறாதீங்க.”

“உங்க சம்மரியில அலர்ஜி இல்லைன்னு டைப் பண்ணியிருக்குதேங்க?”

“டைப் பண்ணினதே நான்தானுங்க. அது தப்பு.”

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. போனை அம்மாவின் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார் போலிருக்கிறது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றுநாலு நொடி. அம்மா ஏதோ சாமியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தச் சாமி என்று தெளிவாகக் கேட்கவில்லை.

நர்ஸ் திரும்பி வந்தார். “போடலீங்க. சிரிஞ்சுல எடுத்து வெச்சிருந்தோம். கீழ ஊத்தியாச்சு. அந்த நோட்ஸ போட்டோ எடுத்து அனுப்புங்க, மயக்க டாக்டரு கேக்கறாரு.”

போட்டோ அனுப்பினேன். முதல் இரண்டு படம் தெளிவில்லை. மூன்றாவது போனது. அதன்பின் மாடி ஏறி டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சம்மரியின் அடியில் இருந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடுமலை

மூன்றாம் நாள் திருத்திய சம்மரியை எடுத்துக்கொண்டு உடுமலைக்குப் பஸ் ஏறினேன். தபாலில் அனுப்பினால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்குத் தபாலில் நம்பிக்கை இல்லை.

மல்லிகா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். “ஒதைக்கச் சொன்னது நீங்கதானுங்களா சாமி? நான் ஒதைக்கலீங்க, தட்டுனதோட சரி” என்றார்.

நான் மல்லிகாவிடம் கேட்டேன். “ஏனுங்கம்மா, ஊசி ஒத்துக்காதுன்னு நீங்க இவங்ககிட்டச் சொல்லலீங்களா?”

“சொன்னனுங்க. ரெண்டு தடவ சொன்னனுங்க. டாக்டரு உங்க பேப்பரக் காட்டுனாருங்க. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில இல்லைன்னு எழுதியிருக்குதும்மா, பிரசவத்தப்பப் பயத்துல மூச்சு அடைச்சிருக்கும்னாருங்க. பையன் பொறந்து பதினாறு வருசமாச்சு. பேப்பரு தப்பாச் சொல்லுமா, எனக்குத்தான் தப்பா ஞாபகமாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. மூணாவது தடவ கேட்டப்ப, இல்லீங்கன்னு நானே சொல்லீட்டனுங்க.”

நான் பையிலிருந்து திருத்திய சம்மரியை எடுத்தேன்.

“அது யாருங்க இல்லைன்னு எழுதுனது?”

“நான்தானுங்க.”

“நீங்க என்னைப் பாத்திருக்கீங்களா?”

“இல்லீங்க. இன்னைக்குத்தான்.”

“அப்பறம் எப்படிங்க எழுதுனீங்க?”

“கட்டம் காலியா இருந்துச்சுங்க.”

அவர் சிரிக்க வந்து, தையல் வலிக்கவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “எங்க லைன்ல செக்கிங் பொண்ணு பாக்காம ஓகே ஸ்டிக்கர் ஒட்டுனா, அந்தப் பீஸ அவ மடியிலயே கொண்டாந்து போடுவாங்க சூப்பர்வைசரு” என்றார்.

“அதுக்குத்தானுங்க பஸ் ஏறி வந்திருக்கறேன்” என்றேன்.

பழைய சம்மரியை அவரிடமிருந்து வாங்கினேன். மருத்துவ எழுத்தில் தப்பை அழிக்கக்கூடாது, வெள்ளை மை தடவக்கூடாது. தப்பு இன்னதென்று பிறகும் தெரியும்படி ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அப்படியே செய்தேன். திருத்திய புதுப் பிரதியையும் கொடுத்தேன். இரண்டையும் பார்த்துவிட்டு, கோடு அடித்ததையே வைத்துக்கொள்கிறேன் என்றார். புதுப் பிரதியையும் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மீதி

டெம்ப்ளேட் ஓடிய பத்து மாதத்தில் வெளியே போன சம்மரி ஆயிரத்து நூற்று இருபத்தாறு. எல்லாக் கட்டையும் இறக்கி, நர்ஸ் குறிப்போடு ஒப்பிட்டு வாசித்தேன். முதல் முறையாக வாசித்தேன். நாற்பத்தொரு நாள் ஆனது. சிஸ்டர் ஜெபமணி டியூட்டி முடிந்து தினமும் ஒரு மணி நேரம் வந்து உதவினார். “இப்பமாவது வாசிக்கீங்களே” என்று ஒரு முறை சொன்னார், அதோடு விட்டுவிட்டார். அவர்கள் எழுதியவற்றில் பெரிய டாக்டரின் நோட்டில் இருந்த அதே கதைகள் இருந்தன. இரவு தூங்காதவர், மகன் வரவில்லை என்று மருந்தைத் துப்பியவர், இந்தியில் ஏதோ சொல்லி அழுதவர், அவர் சொன்னது புரியவில்லை என்று நேர்மையாக எழுதிய நர்ஸ்.

மல்லிகாவைத் தவிர இன்னும் பதினாலு பேருக்கு ‘இல்லை’ தப்பாகப் போயிருந்தது. டெம்ப்ளேட்டை மாற்றினோம். அந்தத் தலைப்புக்கு எதிரே இப்போது எதுவும் முன்கூட்டியே இருக்காது. உண்டு, இல்லை, கேட்கவில்லை என்ற மூன்றில் ஒன்றை டாக்டரே தன் கையால் குறிக்க வேண்டும். சொன்னவர் யார் என்றும் எழுத வேண்டும். தொலைபேசிக்கு இரண்டு கட்டம்: கூட்டி வந்தவருடையது, நோயாளியுடையது. டாக்டரம்மா முதல் வாரத்திலேயே ‘கேட்கவில்லை’ என்று வந்த சம்மரிகளை வார்டுக்குத் திருப்பி அனுப்பினார். இரண்டு மாதத்தில் அது மிகவும் குறைந்துவிட்டது. அதுவரை கேட்காமலே இருந்திருக்கிறார்கள் என்பது, அப்படி எழுத ஓர் இடம் கொடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது அதுதான். தெரியாத கட்டத்தை நிரப்பாதீர்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தால் அடுத்தவர் கேள்வி கேட்பார். ‘இல்லை’ என்று இருந்தால், கேட்பதை நிறுத்திவிடுவார். சம்பந்தப்பட்ட ஆளே தன் வாயால் தன்னை மறுத்துச் சொல்லும் அளவுக்கு டைப் அடித்த எழுத்துக்குப் பலம் இருக்கிறது.

பதினாலு பேரில் பதிமூன்று பேரைப் பிடித்துத் திருத்திய சம்மரியைக் கையில் கொடுத்தோம். ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. வடக்கிலிருந்து வந்து சாயப்பட்டறையில் வேலை செய்தவர், இருபத்தாறு வயது. கட்டத்தில் இருந்தது பட்டறை சூப்பர்வைசரின் எண். பட்டறையை மூடிவிட்டார்கள். பதிவுத் தபால் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் எண்ணை மாற்றிவிட்டார். அந்த எண் இப்போது காங்கேயம் பக்கம் ஓர் அம்மாவிடம் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. மாதம் ஒன்றாம் தேதி அந்த எண்ணுக்கு ஒரு முறை போன் செய்கிறேன். அந்தப் பழைய சூப்பர்வைசரைத் தேடி வேறு யாராவது கூப்பிட்டிருந்தால், அவர்கள் வழியாகவாவது விவரம் தெரியுமே என்றுதான். இந்த மாதமும் செய்தேன்.

“வணக்கமுங்க. அந்த ஆளுதானுங்களே? இல்லீங்க, யாரும் கேக்கலீங்க” என்றார் அந்த அம்மா. வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“ஏனுங்க, அந்தத் தம்பிக்கு எந்த ஊசி ஆகாதுன்னு சொன்னீங்க? பேரச் சொல்லுங்க, எழுதி வெச்சுக்கறேன். என்னைக்காச்சும் யாராச்சும் கூப்பிட்டாச் சொல்லோணுமில்லீங்க?”

மெதுவாக எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொன்னேன். சரியாக வாசித்தார்.